கெமிஸ்தம் தந்த கிறீன் வைத்தியர்

இரும்பின் அளவைப் பரமங்கனேற்றுக் கரைசலால் அறியும் முறையைப் பிரெஞ்சு இரசாயனவியலாளர் மார்கெரித் 1846இல் வெளியிட்டார். மறு ஆண்டு, அமெரிக்காவின் ஊஸ்டர் நகரில் 1822இல் பிறந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார்.

மானிப்பாயில் நோயாளரைக் கவனித்தபடியே மருத்துவமும் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டகல்வதைக் கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிட்டாரில்லை. அவரது முயற்சியால் 1875இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. தனித்தமிழ் அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். எமக்கோ அத்துணிவு பிடித்திருக்கிறது.

பிற்காலத்தில் எமது உயர்தர மாணவர் அளவியும் குழாயியும் கொண்டு தமிழிலேயே நியமிப்புச் செய்தனர். அமிலஞ் சேர்த்த பெரசுக் கரைசல் 25 மில்லிலீற்றர், அதனுள் 0.02 மூலர் பரமங்கனேற்று துளித்துளியாக விழும். ஊதா நிறம் மறைந்துகொண்டே வரும். மறையாது நிற்கும் முதல் இளஞ்சிவப்பே முடிவுப்புள்ளி. வேறு காட்டி வேண்டியதில்லை. 20 மில்லிலீற்றர் சென்றிருப்பின், ஒரு பரமங்கனேற்று அயன் ஐந்து பெரசு அயன்களை ஒட்சியேற்றுமாதலால், பெரசின் செறிவு 0.08 மூலர். இதனைச் சொல்லத் தமிழில் எச்சொல் குறைந்தது?

மார்க்கத்துப் பாடசாலைகளில் எமது பிள்ளைகள் இதே கணக்கை ஆங்கிலத்தில் செய்கின்றனர். ‘அளவி’ என்றால் என்னவென்று இன்றிரவு அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கிறீன் 1884இல் ஊஸ்டரிற் காலமானார். தமிழருக்கு ஊழியஞ் செய்த மருத்துவர் என்று தமது கல்லறையிற் பொறிக்கும்படி கேட்டிருந்தார். மார்க்கத்திலிருந்து அங்கு செல்ல ஒருநாட் கார்ப் பயணம் போதும்.