ஈரலுக்கு வெளியே ஓர் இதயம்: அலெக்சிஸ் கரலின் கதை

1894 ஜூன் மாதம். பிரான்ஸின் லியோன் நகரில் ஜனாதிபதி சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாளம் கிழிந்திருந்தது. அதைத் தைத்து மூட அன்று எந்த வைத்தியருக்கும் தெரியாது. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார்.

அதே நகரில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கரலை அந்த மரணம் உறுத்தியது. பூவேலை செய்யும் ஒரு பெண்ணிடம் போய் நுண்ணிய ஊசியும் நூலும் பிடிக்கப் பழகினார். இரத்தக் குழாய்களைக் கசிவின்றி இணைக்கும் முறையை உருவாக்கினார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற அவருக்கு, 1912இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலாம் உலகப் போரில் நாடு திரும்பி, கொம்பியேன் வைத்தியசாலையில் வேலை செய்தார். குண்டுக் காயங்கள் சீழ்பிடித்துக் கை, கால்கள் அகற்றப்பட்ட காலம் அது. இரசாயனவியலாளர் டேகினுடன் சேர்ந்து, குளோரின் கலந்த திரவத்தை இறப்பர் குழாய்கள் மூலம் காயத்துக்குள் விட்டுவிட்டுச் செலுத்தினார். காயத்துடன் நாட்கணக்கில் கிடந்தவர்களுக்கு அதன் பெறுமதி புரியும்.

1935இல், அத்திலாந்திக்கைத் தனியாகப் பறந்து கடந்த விமானி லிண்ட்பேர்க் அவருக்காகக் கண்ணாடியாலான பம்பி ஒன்றைச் செய்துகொடுத்தார். வெட்டியெடுத்த உறுப்புக்குள் கிருமி புகாமல் போசணைத் திரவத்தைத் துடிப்போடு செலுத்தும் கருவி அது. பூனையின் தைரொயிட் சுரப்பி உடலுக்கு வெளியே நாட்கணக்கில் உயிரோடிருந்தது.

இன்றைய ஈரல் இயந்திரங்களுக்கு அதுவே முன்னோடி. கொழுப்புப் படிந்த தான ஈரல் ஐஸில் வைத்தால் மற்றவற்றைவிட அதிகம் கெடும். அதனால் பல ஈரல்கள் வேண்டாமென ஒதுக்கப்படுகின்றன. இயந்திரமோ உடல் வெப்பத்தில் ஒட்சிசன் கலந்த இரத்தத்தை அதற்குள் ஓட்டுகிறது. பித்தம் சுரக்கிறதா, இலக்ரேற் குறைகிறதா என்று பார்த்து, பொருத்துவதற்கு முன்பே ஈரலின் நிலையை அறியலாம். இரத்தம் உட்செல்லும் வழிகளில் ஒன்று, கார்னோவின் உடலில் கிழிந்த அதே நாளம்தான்.

பம்பி வெளிவந்த அதே 1935இல் கரல் ஒரு நூலும் எழுதினார். குற்றவாளிகளிலும் மனநோயாளிகளிலும் ஒரு பகுதியினரை வாயுவால் கொன்றுவிடலாம் என்று அதில் வாதிட்டார். ஒதுக்கப்பட்ட உறுப்பைக் காக்க வழி காட்டியவர், மனிதரையே தரம் பிரித்து ஒதுக்கினார். இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையல்ல.

நாஸிகளுடன் ஒத்துழைத்த விஷி அரசின் கீழ் ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். பாரிஸ் விடுதலையானதும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. விசாரணை எதுவும் நடக்குமுன் 1944 நவம்பரில் இறந்தார். லியோன் வைத்திய பீடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 1996இல் அது நீக்கப்பட்டது.