வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்தியவர்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி

என் தாத்தா இறந்து ஓராண்டு நிறைவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு பாட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கோயிலில் கொடுத்த நாட்காட்டி தாத்தாவின் திதியை ஒரு நாளில் காட்டியது. என் கைப்பேசியில் இருந்த பஞ்சாங்கம் அதற்கு முந்திய நாளைக் காட்டியது. எந்த நாளில் படைப்பது? கணினி படிக்கும் பேரனுக்கு இது தெரிந்திருக்கும் என்று அவர் நம்பினார். எனக்குத் தெரியவில்லை. பதில் தேடிப் போன இடத்தில்தான் இக்கட்டுரையின் நாயகரைச் சந்தித்தேன்.

அதே மாதம் நான் இன்னொரு நேரச் சிக்கலிலும் மாட்டியிருந்தேன். ஸ்கூடாயில் நண்பர்களோடு தங்கியிருக்கும் வாடகை வீட்டில், பழைய பொருள் கடையில் வாங்கிய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, அதை வீட்டுச் சர்வராக வைத்திருக்கிறேன். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த கதையைத் தாத்தா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த பக்கங்கள் அதில்தான் இருந்தன. கடைசியாக அவர் சொன்ன திருத்தங்களை நேராக அந்தச் சர்வரிலேயே சேர்த்தேன். அதற்குச் சற்று முன்புதான் மின்சாரம் தடைப்பட்டு வந்திருந்தது. தாய்ப்பலகையின் நாணய வடிவப் பேட்டரி செத்துப் போயிருந்ததால், கணினி தன் கடிகாரத்தை 2005ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய்விட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. மடிக்கணினியோடு கோப்புகளை ஒத்திசைத்தபோது, 2005 என்று முத்திரை விழுந்த புதிய பக்கங்களைப் பழையவை என்று மென்பொருள் எண்ணி, உண்மையிலேயே பழைய பக்கங்களை அவற்றின் மேல் எழுதிவிட்டது. இதை நான் கண்டுபிடித்தபோது, திரும்பக் கேட்கத் தாத்தா இல்லை.

பேட்டரியை மாற்றினேன். நேரத்தைச் சரியாக வைத்தேன். அப்போதும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 8 நொடி பின்தங்கியது. இத்தகைய கடிகாரங்கள் குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் அதிர்வை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். வயதாலும் வெப்பத்தாலும் அந்த எண் கொஞ்சம் மாறும். 8 நொடி சிறிதாகத் தோன்றலாம். ஒரு மாதத்தில் அது 4 நிமிடம் ஆகிவிடும்.

இந்த இரண்டு சிக்கல்களையும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்த ஒரு தமிழ்நாட்டு வானியலாளர் இருந்திருக்கிறார். தமிழ்ப்பள்ளியிலும் சரி, பிறகு படித்த தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சரி, அவர் பெயரை நான் கேட்டதில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பது அவர் பெயர்.

அவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் அவர் வேலை செய்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சென்னையில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பியது. கப்பலோட்டவும் நிலம் அளக்கவும் ஓர் இடத்தின் தீர்க்கரேகை தெரிய வேண்டும். தீர்க்கரேகை தெரிய வேண்டுமானால் சரியான நேரம் தெரிய வேண்டும். அதனால் அந்த ஆய்வகத்தின் தலையாய வேலைகளில் ஒன்று நேரத்தைக் காப்பது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய மெட்ராஸ் நேரம் அங்கிருந்துதான் பிறந்தது. தந்தியும் ரயிலும் அந்த நேரத்தைத்தான் பின்பற்றின. 1906 ஜனவரி 1ஆம் நாள் இந்தியப் பொதுநேரம் வரும்வரை அதற்கு அந்த மதிப்பு இருந்தது.

இந்த ஆய்வகத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் ரகுநாதாச்சாரி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். 1861இல் நார்மன் பாக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் தலைவராக வந்தபின், ரகுநாதாச்சாரி அவருக்கு முதல் உதவியாளராக உயர்ந்தார்.

இரவில் அவர் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். வடக்கு தெற்காக மட்டுமே அசையும் ஒரு தொலைநோக்கி. வேறு பக்கம் திரும்பாது. விண்மீன் ஒன்று உச்சிக்கோட்டை நோக்கி மெல்ல நகர்ந்து வரும். பார்வையில் நட்ட கம்பிகளை அது எந்த நொடியில் கடக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இடம் தெரிந்த விண்மீனாக இருந்தால், அது கடக்க வேண்டிய நேரம் முன்பே தெரியும். கடிகாரம் காட்டிய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடுதான் கடிகாரத்தின் பிழை. இன்றைய பிழையையும் நாளைய பிழையையும் ஒப்பிட்டால், கடிகாரம் ஒரு நாளைக்கு எவ்வளவு விலகுகிறது என்ற வீதம் கிடைக்கும். அந்தக் காலத்து ஊசல் கடிகாரங்களும் விலகத்தான் செய்தன. வானாய்வகத்தார் கடிகாரத்தின் முள்ளை நாள்தோறும் நகர்த்திக்கொண்டிருப்பதில்லை. பிழையையும் வீதத்தையும் ஏட்டில் எழுதிவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஒரே அளவாகத் தவறும் கடிகாரம் அவர்களுக்கு நல்ல கடிகாரம். ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் ஓடும் கடிகாரம்தான் ஆகாதது.

இப்படி ஆயிரக்கணக்கான விண்மீன்களைக் குறித்துக்கொண்டு வந்த வேலையின் நடுவில்தான், 1867இல் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை அவர் கண்டார். தென்வானில் ரெட்டிக்குலம் என்ற சிறு கூட்டத்தில் உள்ள ஆர் ரெட்டிக்குலி என்ற மாறொளி விண்மீன் அது. ஏறத்தாழ 278 நாளுக்கு ஒரு முறை அது ஒளிர்ந்து மங்குகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் அது ஏறும். அவ்வளவு தாழ்ந்த இடத்தில் இருந்ததையும் அவர் கண் தவறவிடவில்லை. நம் ஜொகூரில் அது 25 பாகைவரை ஏறும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது அவர் இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்குச் சென்றார். 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்தைக் கோவைக்கு அருகில் உள்ள அவினாசியில் கண்டார். 1872இல் இலண்டனில் உள்ள அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இத்தோடு நின்றிருந்தால் அவர் நல்ல அரசாங்க ஊழியர் என்று மட்டும் பெயர் பெற்றிருப்பார். இரவில் கடிகாரத்துக்குச் செய்ததை, அவர் தம் மக்களின் பஞ்சாங்கத்துக்கும் செய்தார். என் மனத்தைத் தொட்டது இதுதான்.

தமிழ்நாட்டில் வழங்கியது வாக்கியப் பஞ்சாங்கம். எண்களை எழுத்துகளாக மாற்றிச் சிறு வாக்கியங்களாக மனப்பாடம் செய்யும் முறை அது. நிலவின் ஓட்டத்துக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. தாளும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை நகர்த்தியே ஒரு தமிழ்க் கணிதர் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பவர் 1825இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிழை. ஆனால் முடியும் நேரத்தில் பிழை 52 நிமிடம்.

பழைய கணக்கின்படி ஆண்டின் நீளம் உண்மையைவிட ஏறத்தாழ மூன்றரை நிமிடம் கூடுதல். நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். என் சர்வரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தொலைநோக்கி இல்லாத காலத்தில் நம் முன்னோர் வகுத்த ஆண்டுக் கணக்கு, என் கணினியின் கடிகாரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் துல்லியமானது! அவர்கள் கணக்கில் திறமைக் குறைவு இல்லை. நெடுங்காலம் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டதுதான் குறை. நிலவின் கணக்கிலும் இப்படி விலகல் சேர்ந்து, திதி தொடங்கும் நேரம் சில மணி நேரம் முன்பின் ஆகியிருந்தது. அவ்வளவு ஆனாலே படைக்கும் நாள் மாறிவிடலாம். பாட்டியின் நாட்காட்டியில் நேர்ந்ததும் இதுவே.

ரகுநாதாச்சாரி 1860களின் இறுதியில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். திருக் என்பது பார்வை. கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகும் கணிதம் என்று பொருள். மாலுமிகளுக்காக இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட வானியல் அட்டவணைகளை அதற்கு அடிப்படையாகக் கொண்டார். ஆனால் நம் மக்களுக்கு வேண்டிய திதி, நட்சத்திரம், யோகம், கரணம் எல்லாம் அதில் இருந்தன. பஞ்சாங்கமே மூடநம்பிக்கை என்று தூக்கி எறிவது படித்தவருக்கு எளிது. முன்னோர் சொன்னதில் கை வைக்கக்கூடாது என்று இருப்பது மற்றவருக்கு எளிது. அவர் இரண்டையும் செய்யவில்லை. பழைய அமைப்பை வைத்துக்கொண்டு எண்களை மட்டும் திருத்தினார்.

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்தது. அதை முன்னிட்டு அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் அதை வெளிவரச் செய்தார். பழைய சித்தாந்தம் கற்ற ஒருவரும் புதிய வானியல் தெரிந்த ஒருவரும் உரையாடும் முறையில் அது அமைந்திருந்தது. அறிவு ஆங்கிலம் தெரிந்தவரோடு நின்றுவிடக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசாங்கம் கேட்காத இந்த வேலையை அவர் செய்திருக்க மாட்டார்.

1880 பிப்ரவரி 5ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய பஞ்சாங்கம் அவருக்குப் பின்னும் வெளிவந்தது. ஆனால் வாக்கியமும் மறையவில்லை. இன்றும் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் பல கோயில்கள் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. ஒரு வகையில் அவர் வெற்றி பெறவில்லை என்றே சொல்லலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் யாருக்கும் இன்று இரண்டாவது கணக்கு ஒன்று கையில் இருக்கிறது. அந்த நிலைக்கு வழி திறந்தவர்களில் அவர் ஒருவர்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் சர்வரில் இப்போது நேரம் ஒத்திசைக்கும் மென்பொருள் ஒன்று ஓடுகிறது. இணையத்தில் உள்ள நேரச் சர்வர்களோடு அது அடிக்கடி ஒப்பிட்டுப் பார்த்து, கடிகாரம் எந்த வீதத்தில் விலகுகிறது என்பதை ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. இணையம் அறுந்தாலும் அந்த எண்ணைக் கொண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். நுங்கம்பாக்கத்தில் ஏட்டில் எழுதிய அதே வேலைதான். கணினி பழையதுதான், மாற்றவில்லை. அதன் பிழை எனக்குத் தெரியும்.

பாட்டிக்கு ரகுநாதாச்சாரியின் கதையைச் சொன்னேன். என் கைப்பேசிப் பஞ்சாங்கம் சென்னை நேரத்தில் இருந்ததையும், நம் நேரம் இரண்டரை மணி முந்தியது என்பதையும் சொன்னேன். ஜொகூர் பாருவுக்கு மாற்றிய பிறகும் நாள் வேறுபாடு தீரவில்லை. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா முழுதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதைப் பாட்டி நினைவுபடுத்தினார். கடிகாரம் மனிதர் வைத்ததுதான் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

உறவினர் அனைவரும் கூடக்கூடிய நாள் என்பதால் கோயில் நாட்காட்டி சொன்ன நாளிலேயே படைப்பது என்று அவர் முடிவு செய்தார். ஆனால் தாத்தாவின் பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்து, இரண்டு நேரங்களையும் மலேசிய நேரத்தில் அதில் எழுதச் சொன்னார். எழுதினேன். எது எந்தக் கணக்கு என்றும் குறித்தேன். நினைவிலிருந்து நான் திரும்ப எழுதிய தாத்தாவின் பக்கங்களிலும் இப்போது அப்படியே செய்திருக்கிறேன். அவர் சொன்னது உறுதியாகத் தெரிந்த வரிகள் ஒரு பக்கம், நான் நினைத்து நிரப்பிய வரிகள் மறுபக்கம். இரண்டையும் கலக்கவில்லை.