குரலை வென்ற செம்மங்குடியார்

கருநாடக இசையுலகின் பிதாமகர் எனப் போற்றப்பெற்ற செம்மங்குடி சீனிவாச ஐயர் இனிய குரலுடன் பிறந்தவர் அல்லர். கரகரப்பும் மூக்கொலியும் கலந்த அவர் குரல், இளமையில் நினைத்த சுரத்தில் நிலைத்து நில்லாது தடுமாறியது.

1908-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25-ஆம் நாள் திருக்கோடிகாவலில் அவர் பிறந்தார். தாய்மாமன் கிருஷ்ண ஐயர் புகழ்பெற்ற பிடில் வித்துவான். எட்டாம் அகவையில் உறவினர் நாராயணசாமி ஐயரிடம் பாடம் தொடங்கிற்று. குரலைக் கேட்டவர்கள், பாட்டை விட்டுப் பிடில் பயிலுமாறு அறிவுரை கூறினர். குடும்ப மரபை நோக்க அதுவே எளிய வழி. அவர் அதனை ஏற்றிலர்.

கோட்டுவாத்தியக் கலைஞர் திருவிடைமருதூர் சகாராம ராவிடம் பயின்றார். மெட்டுகள் இல்லாத அக்கருவியில் சுரத்தின் இடத்தைக் காதே காட்டவேண்டும். குரலுக்கும் அதே விதிதான். சுருதியோடு இழைந்து, அகாரத்தில் நீள நின்று, சவுக்கத்தில் தேறிய பின்னரே துரிதத்துக்குச் செல்லும் பழைய சாதக நெறி அவரைக் காத்தது. பின்னர் மகாராஜபுரம் விசுவநாத ஐயரிடமும் பாடம் பெற்றார்.

1926-இல் கும்பகோணத்தில் அரங்கேறினார். 1927-இல் சென்னைக் காங்கிரசு மாநாட்டையொட்டிய இசைவிழாவில் பாடிப் புகழுற்றார். 1947-இல், முப்பத்தொன்பதாம் அகவையில், சங்கீத கலாநிதி ஆனார். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்று, அம்மன்னரின் கீர்த்தனைகளை மேடைதோறும் பரப்பினார். எம். எஸ். சுப்புலட்சுமி முதலியோர் அவரிடம் பாடம் கேட்டனர். 1990-இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 2003 அக்டோபர் 31-இல் மறைந்தார்.

கரகரப்பு இறுதிவரை முற்றும் நீங்கவில்லை என்பதே இவ்வாழ்வின் சிறப்பு. குறையை மறைக்க அவர் முயலவில்லை; அதற்குள்ளேயே கரகரப்பிரியாவை மணிக்கணக்கில் விரிக்கும் ஆற்றலைத் தேடிக்கொண்டார். குடகனாறு வறண்ட நாளில் மணலைத் தோண்டி ஊற்றுக் காணும் வேடசந்தூர் மக்களுக்கு இம்முயற்சி புதிதன்று. சொல் வசப்படவில்லை என்று ஏட்டை மூடும் இளங்கவிஞர், செம்மங்குடியாரின் சாதக நாள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.