சங்கிலியால் தேசத்தை அளந்தவர்

நஞ்சன்கூடு: 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போருக்கு வெள்ளையர் பட்டாளத்தோடு வந்தவர் வில்லியம் லாம்டன். திப்பு வீழ்ந்ததும் மைசூர்ச் சீமையை அளக்க அனுமதி கேட்டார்.

1802-ல் பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் கோட்டை அளக்க 57 நாள் பிடித்தது. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டை அளந்தார்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் அரை டன் கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கிற்று. வேறொருவரென்றால் சீமைக்குக் கடிதம் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். லாம்டனோ ஆறு வாரம் தாமே உட்கார்ந்து, ஆப்பும் திருகும் வைத்து இழுத்து நிமிர்த்தினார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது.

1823 ஜனவரியில் நாகபுரி போகும் வழியில் ஹிங்கன்காட்டில் காலமானார். அடுத்து வந்த எவரெஸ்டின் பெயர் சிகரத்துக்குப் போயிற்று. பின்னாளில் நம் ரயில் பாதைகளுக்கும் கால்வாய்களுக்கும் உதவியது இந்த அளவைதான்.