இசையாசிரியர் குஸ்தாவ் ஹோல்ஸ்ற்

நம் பாடசாலைகளில் இசையாசிரியருக்கு வழங்கப்படும் இடம் பெரிதன்று. நேரசூசியின் ஓரத்திலே அவருக்கு ஒரு பாடம். பரிசளிப்பு விழா நெருங்கும்போதுதான் அவர் நினைவு பலருக்கும் வரும். ஆயினும், பாடசாலையை விட்டகன்று பல்லாண்டுகள் கழிந்த பின்பும், கேத்திரகணிதத் தேற்றங்கள் யாவும் மறந்த பின்பும், அவர் பயிற்றிய பண் நம் நாவிலே நிற்கின்றது. இவ்வுண்மைக்குச் சான்றாய் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே கூற விழைகின்றோம். அவர் ஆங்கிலேயர், உலகறிந்த இசையமைப்பாளர், எனினும் 29 ஆண்டுகள் ஒரு பெண்கள் பாடசாலையின் இசையாசிரியராய் இருந்தவர். இருக்கு வேதத்தை இசையமைக்கும் பொருட்டு வடமொழி பயின்றவர். அவரே குஸ்தாவ் ஹோல்ஸ்ற்.

1874ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21ஆந் திகதி இங்கிலாந்திலுள்ள செல்ற்றனம் நகரிலே அவர் பிறந்தார். தந்தையார் இசைவாணர், இசை கற்பித்துக் குடும்பத்தைக் காத்தவர். தாயாரை ஏழு வயதிலேயே இழந்த ஹோல்ஸ்ற், நோயோடும் போராட வேண்டியவரானார். ஈளைநோய் ஒருபுறம், கண்பார்வைக் குறைவு ஒருபுறம், எல்லாவற்றிற்கும் மேலாக வலக்கையை வாட்டிய நரம்பு வலி. மகனைப் பியானோக் கலைஞனாக்க விரும்பிய தந்தையாரின் ஆசை இக்கைவலியால் நிறைவேறாது போயிற்று. பின்னர் ரொம்போன் என்னும் நீண்ட பித்தளைக் குழலே அவருக்குச் சோறிட்டது. 1893இல் இலண்டன் றோயல் இசைக் கல்லூரியிற் சேர்ந்தார். மரக்கறி உணவும் சிக்கனமுமாக நாட்களைக் கழித்து, விடுமுறைக் காலங்களிற் கடற்கரை வாத்தியக் குழுக்களிற் குழல் ஊதிப் பொருள் தேடினார். 1895இல் அங்கே வோன் வில்லியம்ஸ் என்னும் மாணவரின் நட்புக் கிட்டியது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து ஒளிவுமறைவின்றிக் குறை கூறித் திருத்தும் அந்நட்பு இறுதிவரை நீடித்தது.

1899ஆம் ஆண்டளவில் பாரத நாட்டின் பழைய இலக்கியங்களைப் பற்றிய நூலொன்று அவர் கைக்கு எட்டியது. இருக்கு வேதப் பாடல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆனால் அப்போதிருந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் பாடுவதற்கு ஏற்றனவாய் அவருக்குத் தோன்றவில்லை. ஆகவே இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியிலே வடமொழி கற்கத் தொடங்கினார். அம்மொழியில் அவர் பெரும் புலமை பெற்றாரல்லர். அகராதியைத் துணைக்கொண்டு சொற்சொல்லாய்ப் பொருள் தேடித் தாமே மொழிபெயர்த்தார். 1908 தொடக்கம் 1912 வரை வேதப் பாடல்களைப் பலர்கூடிப் பாடும் இசையாக நான்கு தொகுதிகளில் அமைத்தார். அவற்றுள் மூன்றாவது தொகுதி பெண்குரல்களுக்கும் யாழினத்ததாகிய ஹாப் என்னும் கருவிக்கும் உரியது. காளிதாசரின் மேகதூதத்தையும் இசையாக்கினார்.

1908இல் இயற்றிய 'சாவித்திரி' இவற்றுட் சிறந்தது. மகாபாரதம் கூறும் கதையை நாம் அறிவோம். ஹோல்ஸ்ற் அதனை அரைமணி நேர இசை நாடகமாக்கினார். பாத்திரங்கள் சாவித்திரி, சத்தியவான், யமன் என்னும் மூவரே, வாத்தியக்காரர் பன்னிருவர், மறைவில் நின்று பாடும் பெண்குழு ஒன்று. திரை முதலிய ஆரவாரமின்றித் திறந்த வெளியிலே நடிக்கத் தக்கது. அது முதன்முதல் மேடையேறியது 1916இலேதான்.

குழலூதும் தொழிலை 1903இல் விட்ட ஹோல்ஸ்ற், ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1905இல் இலண்டன் ஹமர்ஸ்மித்திலுள்ள சென்ற் போல்ஸ் பெண்கள் பாடசாலையிற் சேர்ந்தார். சிறுமியருக்கு இலேசான பாட்டுகளே போதும் என்பது அக்காலத்துப் பொது எண்ணம். அவரோ பாக், பேர்சல் முதலிய பேராசான்களின் இசையை அச்சிறுமியர் முன் வைத்தார். விளக்கங் கேட்டு அறிவதிலும் பாடியும் வாசித்தும் அறிவதே இசைக்கல்வி என்பது அவர் கொள்கை. ஏற்ற இசை கிடையாதபோது தாமே எழுதினார். 1913இல் பாடசாலையார் புதிய இசைக் கட்டடத்தில் ஓசை புகாத அறையொன்றை அவருக்கென அமைத்தனர். அதற்குக் கைம்மாறாகப் பாடசாலை வாத்தியக் குழுவுக்கென அவர் எழுதியதே 'சென்ற் போல்ஸ் சுவீற்'.

1907 முதல் மோர்லிக் கல்லூரியில் மாலை வேளைகளிலே தொழில்புரிவோருக்கும் இசை கற்பித்தார். பேர்சலின் 'தேவதை அரசி' என்னும் இசை நாடகம் அவர் இறந்த பின் காணாமற் போய், இருநூறு ஆண்டுகள் கழித்தே மீண்டும் கிடைத்தது. அதனைப் பாடுவதற்கான படிகள் இல்லை. மோர்லி மாணவர் 28 பேர் ஓய்வு நேரங்களில், ஏறக்குறையப் பதினெட்டு மாதம் இருந்து, 1,500 பக்கங்களைக் கையாற் படியெடுத்தனர். 1911இல் அந்நாடகம் மீண்டும் ஒலித்தது. ஆசிரியர் ஒருவர்பாற் கொண்ட அன்பு எத்தகைய உழைப்பைச் செய்விக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிய 'கோள்கள்' 1914க்கும் 1917க்கும் இடையில் எழுதப்பட்டது. வார இறுதிகளும் விடுமுறைகளுமே அதற்குக் கிடைத்தன. கைவலி மிகுந்தபோது உடனாசிரியைகள் இருவர் அவர் சொற்படி எழுதி உதவினர். 1918 செப்ரெம்பர் 29ஆந் திகதி அது முதன்முதல் ஒலித்தபோது, இறுதிப் பகுதியிலே மறைவாய் நின்று பாடியோர் அவருடைய மாணவியரே. அவர்கள் நின்ற அறையின் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட, குரல் தேய்ந்து மறையும்படி அவர் அமைத்திருந்தார்.

புகழ் வந்தபோது அவர் அதனை விரும்பவில்லை. 1923இல் மேடையிலிருந்து விழுந்த பின் உடல்நலம் குன்றியது. மறு ஆண்டு பிற பதவிகளை விட்டார். சென்ற் போல்ஸ் பாடசாலையை மட்டும் விட்டாரல்லர். 1933இலும் அப்பாடசாலைச் சிறுமியருக்கென ஓர் இசைத்தொகுதி எழுதினார். 1934 மே 25ஆந் திகதி சத்திர சிகிச்சையின் பின் காலமானார். அவர் மகள் இமொஜன், தாமும் இசையாசிரியையாகி, 1984இல் மறையும்வரை தந்தையாரின் பணியைப் பேணினார்.

இத்தகைய மேதை சிறுமியருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக் காலத்தை வீணாக்கினாரே என்று இரங்குவாருமுளர். யாம் அவ்வாறு கருதவில்லை. சிறுமியர் பாடத்தக்கதாயும் தெளிவாயும் எழுதப் பழகியதே அவர் இசைக்கு எளிமையைத் தந்தது எனலாம். அவர் மாணவருக்குக் கொடுத்தார்; மாணவரிடமிருந்து பெற்றுமிருந்தார்.

இன்னுமொன்று நம் சிந்தனைக்குரியது. மிஷன் பாடசாலைகளிற் கற்ற நம்மிற் சிலர் நத்தார்க் காலத்திற் பாடிய கீதமொன்றின் மெட்டு 1906இல் இவர் அமைத்தது. அதே கரம் உஷையையும் வருணனையும் பாடிற்று. அவர் நம் இராகங்களைப் போலி செய்யவில்லை; வேதத்தின் பொருளைத் தம் மக்களின் இசையிலே தந்தார். பிறர் செல்வத்தைப் போற்றத் தம் செல்வத்தைத் துறக்கவேண்டியதில்லை என்பதை இது காட்டுகின்றது. வேற்று நாட்டார் ஒருவர் அகராதியும் கையுமாய்த் தேடிச் சென்ற நிதி நம் வீட்டு வாசலிலே கிடக்க, நாம் அதனைத் தாண்டிச் செல்லலாமா? தேவார வகுப்பிலே நமக்குப் பண் பயிற்றிய ஆசிரியர்கள் நம்மிடம் கேட்பது மாலையும் பொன்னாடையுமல்ல. கற்றதைப் பாடுவோம், இளையோருக்கும் பயிற்றுவோம். அதுவே அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க குருதட்சிணை.