ஒரு துஆவின் நிழலில் நூறாண்டு

நீண்ட ஆயுளையும் நிறைந்த மக்கட் செல்வத்தையும் வேண்டாதவர் யார்? நிக்காஹ் மஜ்லிஸிலும், பிள்ளைக்குப் பெயர் சூட்டும் வீட்டிலும் நாம் கையேந்திக் கேட்பது இவற்றைத்தானே! ஆனால் அந்த துஆ முழுமையாகக் கபூலாகிவிட்டால் ஒரு மனிதரின் வாழ்வு எப்படியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி வாழ்ந்து காட்டிய பெருமகனார்தான் ஹள்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள். மதரஸாவில் ஹதீஸ் கிதாபைத் திறந்த நாள் முதல் நம் காதில் அடிக்கடி விழுந்த பெயர் அது. அன்னார் வழியாக 2286 ஹதீஸ்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

ஹிஜ்ரத்துக்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன் மதீனாவில், கஸ்ரஜ் கோத்திரத்தின் பனூ நஜ்ஜார் கிளையில் பிறந்தவர்கள். தந்தை மாலிக் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்துபோனார். அன்னை உம்மு ஸுலைம் (ரலி) அவர்களோ ஈமானில் மலைபோல் நின்றவர்கள். அபூதல்ஹா பெண் கேட்டு வந்தபோது, அவர் முஸ்லிமாவதே தமக்குரிய மஹர் என்று கூறி, அவ்வாறே அவரை மணந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்ததும், பத்து வயது அனஸை அவர்களின் பணிவிடைக்கென்றே ஒப்படைத்தார்கள்.

பத்தாண்டுகள் அந்தப் பணி நடந்தது. அத்தனை காலத்திலும் ஒருமுறைகூட நாயகம் (ஸல்) அவர்கள் சீ என்று கடிந்ததில்லை. செய்த வேலையை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை. ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்ட சிறுவர், கடைவீதியில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பற்றியது. திரும்பினால், சிரித்த முகத்துடன் நாயகம் (ஸல்) நிற்கிறார்கள்! செல்லமாக உனைஸ் என்றழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். அன்பில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஒரு பெருங்குடும்பத்துக்கே நிழலாக நின்றது.

ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் உம்மு ஸுலைம் (ரலி) வீட்டுக்கு வந்தார்கள். பேரீச்சம் பழமும் நெய்யும் கொண்டுவந்து வைத்தபோது, தாம் நோன்பு நோற்றிருப்பதாகக் கூறி அவற்றைத் திருப்பி எடுத்து வைக்கச் சொன்னார்கள். வீட்டின் ஒரு மூலையில் நஃபில் தொழுது, வீட்டாருக்காக துஆ செய்தார்கள். தம் மகன் அனஸுக்கென்று தனியாகக் கேட்குமாறு அன்னை வேண்டினார்கள். இம்மை மறுமை நன்மைகள் எதையும் விடாமல் கேட்ட நாயகம் (ஸல்), பொருளையும் மக்களையும் பெருக்கி அவற்றில் பரகத் செய்யுமாறும் இறைவனிடம் இறைஞ்சினார்கள்.

அந்த துஆ பலித்தது. அன்ஸாரிகளில் பெரும் செல்வராக அன்னார் விளங்கினார்கள். அவர்களுடைய தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தது என்று ஹதீஸ் கிதாபுகளில் காண்கிறோம். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நூற்றுக்கு மேல் பெருகினர்.

ஆனால் வாசகர்களே, இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஹிஜ்ரி 75-ல் ஹஜ்ஜாஜ் பஸராவுக்கு வந்த காலத்துக்குள், தம் வம்சத்தில் 120-க்கு மேற்பட்டோர் அடக்கமாகிவிட்டதாக மகள் உமைனா சொன்ன கணக்கை அன்னாரே அறிவித்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 69-ஐ ஒட்டி பஸராவில் பரவிய கொள்ளை நோயில் மட்டும் அவர்கள் பிள்ளைகளில் பலர் மடிந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஒரு ஜனாஸாவைத் தாங்குவதற்கே நம் நெஞ்சு தளர்ந்துவிடுகிறதே! இத்தனை கப்ருகளைக் கண்டும் அன்னார் அந்த துஆவைக் குறை கூறவில்லை. அது நிறைவேறியதற்குச் சான்றாகவே இந்தக் கணக்கைக் கூறினார்கள். தமக்காகக் கேட்கப்பட்ட மூன்றில் இரண்டை இங்கேயே கண்டுகொண்டதாகவும், மூன்றாவதை மறுமையில் எதிர்பார்ப்பதாகவும் சொன்னார்கள். பரகத் என்பது துக்கம் வராதிருப்பதன்று. துக்கத்திலும் ரப்பை விட்டு விலகாதிருப்பது என்று நாம் இதிலிருந்து விளங்குகிறோம்.

எஞ்சியவர்களுக்கு அன்னார் பொருளை மட்டும் விட்டுச் செல்லவில்லை. இல்மை எழுதிக் காத்துக்கொள்ளுமாறு மக்களிடம் வலியுறுத்தினார்கள். கலீஃபா அபூபக்ர் (ரலி) தமக்கு எழுதிக் கொடுத்த ஜகாத் சட்டங்கள் அடங்கிய கடிதம், அன்னாரின் பேரர் ஸுமாமா வழியாகவே ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றது. குர்ஆனை ஓதி முடிக்கும்போதெல்லாம் மனைவி மக்களையும் வீட்டாரையும் ஒன்றுகூட்டி துஆ செய்வார்கள். தெருவில் சிறுவர்களைக் கண்டால் தாமே முந்தி ஸலாம் கூறி, நாயகம் (ஸல்) இப்படித்தான் செய்வார்கள் என்பார்கள். தள்ளாமையால் நோன்பு நோற்க இயலாமற்போன ஓரிரு ஆண்டுகள், நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் உண்ணக் கொடுத்தார்கள். திமிஷ்கில் இருந்தபோது, நாயகம் (ஸல்) காலத்தில் கண்டவற்றில் எஞ்சியது தொழுகை ஒன்றுதான், அதையும் மக்கள் பாழாக்கிவிட்டார்களே என்று அழுதார்கள். தமக்குக் குறை வந்ததற்காக அல்ல, தொழுகைக்குக் குறை வந்ததற்காக முதியவர் அழுத அழுகை அது.

ஹிஜ்ரி 93-ல் (கி.பி. 712 அளவில்) நூறு வயதைக் கடந்து அன்னார் வஃபாத்தானார்கள் என்பது பிரபலமான கருத்து. பஸராவில் கடைசியாக மறைந்த ஸஹாபி அவர்களே. நாயகம் (ஸல்) அவர்களின் வியர்வையையும் முடியையும் சேர்த்து அன்னை உம்மு ஸுலைம் பக்குவப்படுத்தி வைத்திருந்த நறுமணத்தில் சிறிதைத் தம் கஃபனுக்குரிய வாசனைப் பொருளில் கலக்க வேண்டுமென்று வஸிய்யத் செய்திருந்தார்கள். எண்பதாண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் பிரியம் மாறவில்லை!

நம் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பாட்டனார் அமர்ந்திருக்கலாம். அவரிடம் சொத்துக் கணக்கைக் கேட்பவர் பலர். அவர் மனனமாக ஓதும் ஸூராவையும், அவர் தம் வாப்பாவிடம் கற்ற துஆவையும் கேட்பவர் எத்தனை பேர்? அவர் ஹயாத்தோடு இருக்கும்போதே பிள்ளைகளை அவரருகில் அமர்த்துங்கள். அடுத்த முறை வீட்டில் குர்ஆன் ஓதி முடியும் நாளில், அனஸ் (ரலி) செய்ததுபோல் குடும்பத்தாரை ஒன்றுகூட்டி, அவரையே துஆ ஓதச் சொல்லுங்கள்.

நம் பெரியவர்களின் ஆயுளிலும் அமலிலும் வல்ல நாயன் பரகத் செய்வானாக! ஆமீன்.