காமிரா ஏந்திய கானகச் சான்றோர் மா. கிருஷ்ணன்

நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பூவும் புள்ளும் மரமும் விலங்கும் இவை என்று இலக்கணம் கண்ட இனம் நம் இனம். குறிஞ்சி என்பது பூவுக்கும் பெயர், நிலத்துக்கும் பெயர், பண்ணுக்கும் பெயர். இத்தகைய மரபில் வந்த நம்முள் இன்று எத்தனை பேருக்குத் தம் வீட்டு வேலியில் பூத்திருக்கும் செடியின் பெயர் தெரியும்? இந்தக் கேள்வியைத் தமிழர்களை நோக்கி மட்டுமன்றி இந்தியர் அனைவரையும் நோக்கி எழுப்பி, அதற்கு விடையாகத் தம் வாழ்நாளையே அளித்த பெருமகன் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தாம் மா. கிருஷ்ணன். ஜவ்வாது மலையில் பிறந்து, இக்கல்லூரியில் தாவரவியல் பயிலும் எனக்கு அவருடைய வாழ்க்கை மிக நெருக்கமானதாகத் தோன்றுகிறது. அதன் காரணத்தை இச்சிறு கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய தந்தையார், ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலால் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைத்த இடம் பெற்ற அ. மாதவையா. எட்டு மக்களுள் கிருஷ்ணனே கடைக்குட்டி. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மாதவையா சென்னை மயிலாப்பூரில் குடியேறி, அச்சகம் நிறுவிப் ‘பஞ்சாமிர்தம்’ என்ற இதழை நடத்தினார். 1925ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுக் கூட்டத்தில், தமிழுக்குப் பட்டப் படிப்பில் உரிய இடம் வேண்டும் என்று பேசியபோதே அவர் உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

அக்காலத்து மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. புதர்க்காடும் வெட்டவெளியும் நிறைந்திருந்த அப்பகுதியில் பறவைகள் மிகுதி, நரிகள் ஊளையிடும், வெளிமான்களையும் காணலாம். சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். ஆகவே அவருக்கு இயற்கை என்பது தொலைதூரத்துக் காட்டில் தொடங்கவில்லை. வீட்டுக் கொல்லையிலேயே தொடங்கிற்று. பிற்காலத்தில் அவர் பெற்ற பெருமைகள் அனைத்துக்கும் வித்து இதுவே என்பது என் கருத்து.

1927ஆம் ஆண்டு அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர், நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிப் புகழ் பெற்ற பைசன் துரை. ஆசிரியரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகளை இனங்காணும் பேறு கிருஷ்ணனுக்குக் கிட்டியது. பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றுக்கொண்டார். செடியை வரைய வேண்டுமானால் இலைக்காம்பு எங்கே திரும்புகிறது, நரம்பு எங்கே பிரிகிறது என்று பார்த்தாக வேண்டும். ஆய்வுக் கூடத்தில் பென்சிலும் கையுமாக அமரும் எங்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். காமிராவை எடுக்கும் முன்பே கிருஷ்ணனின் கண் இவ்வாறு பழகிவிட்டது.

முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். எனினும் மதிப்பெண்கள் சிறப்பாக அமையாததால் நல்ல வேலை எளிதில் வாய்க்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச்சித்திரமும் அளித்தும், அச்சகத்திலும் வானொலியிலும் சிறிது காலம் பணியாற்றியும் காலங்கழித்தார். 1942ஆம் ஆண்டு பெல்லாரிப் பக்கமிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் என்று ஒருவரே பல வேடம் பூண்டார். இவற்றுக்கிடையே ஆடு மேய்த்தார். தபால் கொண்டுபோகும் புறாக்களை வளர்த்தார். குன்றுகளிலும் காடுகளிலும் மனங்கொண்ட மட்டும் திரிந்தார். உத்தியோகத்தைவிட அந்தத் திரிதலே அவரை உருவாக்கியது எனலாம்.

1949இல் சண்டூர் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. மனைவி மக்களோடு கூடிய குடும்பஸ்தர். அந்நிலையில் அவர், இனி மாதச் சம்பளத்தை நம்புவதில்லை. எழுத்தும் ஒளிப்படமுமே தொழில் என்று முடிவு செய்தார். காட்டு விலங்கைப் படமெடுத்துப் பிழைக்கலாம் என்று அந்நாளில் யார் நம்பியிருப்பார்கள்? 1950ஆம் ஆண்டு கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18ஆம் நாள் தாம் மறையும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் அதனை விடாது எழுதினார்.

இனி அவருடைய காமிராவுக்கு வருவோம். உலகில் இத்துறை முன்பே தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1895ஆம் ஆண்டிலேயே பறவைக் கூடுகளைப் படம்பிடித்து நூலாக்கினர். வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன், இரவில் நடமாடும் புலிகளைப் படமெடுத்து 1927இல் நூல் வெளியிட்டு, துப்பாக்கிக்குப் பதில் காமிராவை ஏந்தலாம் என்று காட்டினார். கிருஷ்ணன் அவ்வழியில் வந்தவர். ஆயினும் அவர் வழி தனி வழி. கடையில் விற்கும் உயர்ந்த கருவியை வாங்க வசதியில்லாத நிலையில், வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளையும் ஆடிகளையும் இணைத்துத் தாமே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டார். பருத்துக் கனத்த அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். வண்ணப் படம் வந்த பின்னும் அவர் கறுப்பு வெள்ளையை விட்டு அகலவில்லை. நடந்தும், வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்தும் முதுமலை முதலிய காடுகளில் காட்டு யானைகளை அணுகிப் படமெடுத்தார்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கனத்த கருவியைச் சுமந்து காட்டுக்குள் செல்பவன் பிலிமைக் கண்டபடி செலவிட முடியாது. காற்று எத்திசையில் வீசுகிறது, விலங்குக்கு மனித வாடை எட்டுமா, வெயில் எந்தக் கிளைக்கு எப்போது வரும், யானையின் காது விரிந்தால் அது வெகுளியா வியப்பா என்பவற்றையெல்லாம் அறிந்த பிறகே அவன் விசையை அழுத்த முடியும். கறுப்பு வெள்ளையிலோ வண்ணத்தின் கவர்ச்சி இல்லை. ஒளியும் நிழலும் வடிவமும் மட்டுமே உண்டு. ஆகவே எடுப்பவன் வடிவத்தைப் படித்தே தீரவேண்டும். ஒரு படத்தை எடுப்பதற்காகப் பெறும் அறிவு, அந்தப் படத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. எடுத்த பின்னரும் பயன் முடிவதில்லை. காட்டில் நொடியில் மறைந்த காட்சி தாளில் நின்று, மீண்டும் மீண்டும் பார்க்க இடந்தருகிறது. இந்த யானையின் தந்தம் எவ்வாறு வளைந்தது, காதின் ஓரம் எங்கே கிழிந்தது என்று நோக்க நோக்க, கூட்டத்தில் ஒன்றாக நின்ற விலங்கு தனியொரு பிறவியாக நமக்கு அறிமுகமாகிறது.

யானையைப் படமெடுத்தவர் அணிலை மறக்கவில்லை என்பதே அவருடைய மற்றொரு சிறப்பு. காகம், மைனா, பல்லி, கொல்லையில் உலவும் கீரி ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதியவை ஏராளம். 1961இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் பெயரே காட்டையும் கொல்லையையும் சேர்த்துச் சொல்வதாகும். அயல்நாட்டு மரங்களை அழகுக்காக நட்டு நம் மண்ணின் மரங்களைப் புறக்கணிப்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஒரு நாட்டின் செடி கொடிகளும் விலங்குகளும் அதன் கோயிலும் இலக்கியமும் போன்ற செல்வங்களே என்பது அவர் கொள்கை.

1968ஆம் ஆண்டு ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி நல்கை அவருக்குக் கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய ஆய்வை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக வெளியிட்டது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் பல்லாண்டுகள் உறுப்பினராகத் தொண்டாற்றினார். அரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. தமிழுக்கும் அவர் தந்தை வழியில் கடன் செலுத்தினார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரைகள் அளித்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்துள்ளார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு நாவலும் எழுதினார்.

இப்பெரியார் வாழ்வு எங்கள் மலைக்கு என்ன சொல்கிறது? ஜவ்வாது மலைக்குக் காமிரா புதிதன்று. காவலூர் வானாய்வகத்தில் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு 1988ஆம் ஆண்டு சிறுகோள் ஒன்று கண்டறியப்பட்டு, கணித மேதை இராமானுஜன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வானத்து ஒளிப்புள்ளியைத் தேடிப் பிடித்த அதே மலையில், காலடியில் உள்ள மரத்தை நாம் பார்க்கிறோமா? மரம் என்றால் விலை என்று மட்டும் பார்க்கும் பார்வை எங்கள் மலைக்குப் பெருந்தீங்கு செய்திருக்கிறது. சந்தன மரங்கள் திருட்டுக்கு இரையாயின. பிழைப்பு தேடி ஆந்திரத்துக்குச் சென்றவர்கள் செம்மரக் கடத்தல்காரர்களின் வலையில் விழுந்தனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியான இருபது தமிழர்களுள் ஜவ்வாது மலை மக்களும் உண்டு. வறுமையைக் காமிரா தீர்க்காது. அதை நான் அறிவேன். ஆனால் தன் மரத்தை விலையின்றியும் மதிக்கக் கற்ற தலைமுறை ஒன்று, அதனை வெட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்கும் அல்லவா?

கிருஷ்ணனைப் படித்தபின், எங்கள் கொல்லைக்கு அப்பால் நிற்கும் கடுக்காய் மரத்தை மாதம் ஒருமுறை கைப்பேசியில் படமெடுத்து வருகிறேன். இலையுதிர்ந்த கோலமும், துளிர்விட்ட கோலமும், காய்த்த கோலமும் இப்போது வரிசையாக என்னிடம் உள்ளன. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப்பூ என்று விற்பது உண்மையில் பூவன்று. பூச்சியின் செயலால் இலையில் உண்டாகும் முண்டு. பாடநூலில் ஒரு வரியாக இருந்த இச்செய்தி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்கூடாயிற்று. படத்தை என் பாட்டியிடம் காட்டினேன். அது எந்த மாதத்தில், எந்தப் பக்கத்துக் கிளையில் முதலில் வரும் என்பதை அவர் சொல்லிவிட்டார். நூலறிவும் பட்டறிவும் ஒரு படத்தின் முன் சந்தித்த வேளை அது. அந்த மரம் இன்று எனக்கு வெறும் மரமன்று, உறவு.

மாணவ நண்பர்களே! கிருஷ்ணனுக்கு வாய்க்காத நுண்கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அவரிடம் இருந்த பொறுமைதான் நமக்கு வேண்டும். அருவியின் முன் நின்று நம்மையே எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு பங்கை, அருவிக்கரைச் செடிக்கும் அதில் வந்தமரும் பட்டாம்பூச்சிக்கும் அளிப்போம். எடுத்த படத்தின் கீழ் நாளையும் இடத்தையும் எழுதி, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அதன் பெயரையும் எழுதுவோம். ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துப் பெயர்கள் சேர்த்தாலே போதும். நம் தாவரவியல் துறையில் ஜவ்வாது மலைக்கு ஓர் உயிர்ப்பதிவேடு உருவாகிவிடும். அந்தப் பெருமகனுக்கு நாம் செய்யும் நன்றி அதுவே. வாழ்க கிருஷ்ணன் புகழ்!